பெரியவர் உயிலுக்கு வக்கீல் வைப்பது எப்படி?



பில் இல்லாமல் சரக்கை லாரியில் ஏற்ற மாட்டோம். கடன் கொடுத்தால் பேரேட்டில் எழுதாமல் விட மாட்டோம். ஆனால் ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த கடையும் கரிசல் காடும் யாருக்கு என்பதை மட்டும் எழுதாமலே காலம் கடத்துகிறோம்.

என் தகப்பனார் வற்றல், பருப்பு மொத்த வியாபாரம் செய்தவர். அவர் படுக்கையில் விழுந்த பிறகு அண்ணனும் நானும் ஒரு உயிலைத் தயார் செய்து கையெழுத்து வாங்கினோம். சாட்சிகள் இருவரும் எங்கள் கடைச் சம்பளக்காரர்கள். தங்கைமார் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒன்பது வருஷம் நடந்தும் உயில் நிற்கவில்லை. அவர்கள் பங்கு போனதில் எனக்கு வருத்தமில்லை, அது நியாயம்தான். நல்லது பொல்லாததற்குக்கூட அவர்கள் வருவதில்லை என்பதே வருத்தம்.

உயிலால் பயன் பெறுகிறவரே முன்னின்று அதை எழுத வைத்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பும் அவருடையதே என்று 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே, பிள்ளைகளின் வக்கீல் வேண்டாம். பெரியவருக்கென்றே ஒரு வக்கீல் வேண்டும். அதுவும் அவர் தெம்பாக இருக்கும்போதே வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. எனவே உயில், பாகப்பிரிவினை வழக்கு முடித்தவர்களிடம் விசாரியுங்கள். பத்திரம் எழுதுபவர் வேறு, வக்கீல் வேறு.

2. பீஸை முதலிலேயே பேசி ரசீது வாங்குங்கள். வழக்கில் ஜெயித்தால் இவ்வளவு, சொத்தில் இத்தனை பங்கு என்று பேச பார் கவுன்சில் விதி இடம் தராது.

3. பத்திரம், பட்டா, கூட்டு ஒப்பந்தம், பாங்க் கணக்கு, கடன் பட்டியல் எல்லாம் கொண்டு போங்கள். பூர்வீகம் எது, சுயார்ஜிதம் எது என்று வக்கீல் பிரித்துப் பார்ப்பார். பூர்வீகத்தில் தம் பங்கை மட்டுமே ஒருவர் உயில் எழுத முடியும். பேச்சின்போது பிள்ளைகள் வெளியே இருப்பது நல்லது.

4. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் அவசியம். சொத்து பெறாதவர்களாக, பெரியவரைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது பலம். எழுதியவர் பின்னால் மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

5. பாங்கில் நாமினி போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்ல என்பது 2010-ம் வருஷத் தீர்ப்பு. கம்பெனிப் பங்குகளுக்கும் அப்படியே என்று 2023-ல் தீர்ப்பானது.

6. நம் வட்டாரத்தில் எழுதிய, இங்குள்ள சொத்தைப் பற்றிய இந்து உயிலுக்கு கோர்ட்டின் புரோபேட் கட்டாயமில்லை. சென்னையில் சொத்து இருந்தால் வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். மற்ற மதத்தவருக்குச் சட்டம் வேறுபடும்.

உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் காலமானால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, உயிரோடிருக்கும் தாயாருக்கும் சம பங்கு உண்டு. தனிநபர் கடையானால் வாரிசு புதிதாக ஜி.எஸ்.டி. பதிவும் வாங்க வேண்டும்.

உயில் பேச்சை எடுத்தால் அபசகுனம் என்று நாங்களும் நினைத்தோம். கோர்ட் வாசலில் தங்கைமாரை எதிர்த்து நின்றதைவிட வேறு அபசகுனம் எனக்கு இல்லை.