பால்காரர் காப்பாற்றிய ஆரஞ்சு பீர்!
தீயில் எரிந்தது, ஊரே போராடி மீட்டது

ரசத்துக்குத் தட்டிப் போடும் கொத்தமல்லி விதையை பீரில் போடுவார்களா? போடுகிறார்கள்! பெல்ஜியம் நாட்டில், பிரசெல்சுக்குக் கிழக்கே உள்ள ஹூகார்டன் என்ற சின்ன ஊரில்.

கூடவே காய்ந்த ஆரஞ்சுத் தோலும் உண்டு. முளை கட்டிய பார்லியோடு முளை கட்டாத கோதுமையும் சேர்கிறது. வடிகட்டுவது கிடையாது. அதனால் வெளுத்துக் கலங்கலாக இருக்கும். “வெள்ளை பீர்” என்றே பெயர். போதைச் சத்து 4.9 சதவீதம்.

கடைசிப் பூட்டு

18-ம் நூற்றாண்டில் அந்த ஊரில் 30-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள். பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. 1950-களில் கடைசி ஆலையும் மூடப்பட்டது. வெள்ளை பீர் அத்தோடு தீர்ந்தது என்று ஊரே கைகழுவி விட்டது.

பியேர் செலிஸ் அந்த ஊர் பால்காரர். சின்ன வயதில் பக்கத்து பீர் ஆலையில் கூடமாட ஒத்தாசை செய்தவர். பக்குவம் மறக்கவில்லை. 1966-ல் அவரே காய்ச்சி விற்க ஆரம்பித்தார். வியாபாரம் ஓகோ என்று ஓடியது!

தீ! தீ!

1985 அக்டோபரில் ஆலையில் பயங்கர தீ. இன்சூரன்ஸ் பணம் போதவில்லை. பெரிய பீர் கம்பெனி ஒன்று பணம் கொடுத்தது. கடைசியில் ஆலையும் கம்பெனி கைக்கே போனது. செலிஸ் அமெரிக்கா போய், ஆஸ்டின் நகரில் 1992-ல் மறுபடி அடுப்பு மூட்டினார். 2011-ல் காலமானார்.

அதற்கு முன்பே ஊருக்கு இன்னொரு இடி. ஹூகார்டன் ஆலையை மூடி, ஜூபில் என்ற ஊரில் உள்ள ஆலைக்கு வேலையை மாற்றப் போவதாக 2005-ல் இன்பெவ் கம்பெனி அறிவித்தது. தொழிலாளர்களும் ஊர் ஜனங்களும் தெருவில் இறங்கினர். 2007-ல் கம்பெனி பின்வாங்கியது. ஆலை ஊரிலேயே நிற்கிறது.

தொட்டுக்கொள்ள என்ன?

ஆறு பட்டை போட்ட கனத்த கண்ணாடி டம்ளரில் ஜில்லென்று ஊற்றுகிறார்கள். கசப்பு குறைவு. அதனால் மீன் ருசியை அமுக்காது. வெங்காயம், செலரித் தண்டு போட்டு வேகவைத்த கடல் சிப்பியும், உருளைக்கிழங்கு வறுவலும்தான் பெல்ஜியத்தில் பேர்போன ஜோடி. இந்த பீருக்கு அது கனப்பொருத்தம். சிப்பியை வேகவைக்கும்போதே ஒரு டம்ளர் பீரை ஊற்றிவிடுவோரும் உண்டு!

ராஸ்பெரிப் பழ மணம் சேர்த்த சிவப்பு ரகமும் வருகிறது. போதை 3 சதவீதம்தான், தித்திப்பு தூக்கல். இதற்கு ஆட்டுப்பால் சீஸ், பழம் வைத்த கேக், கறுப்பு சாக்லெட் சரிப்படும். புளிப்பும் கசப்பும் தித்திப்பைக் கட்டுப்படுத்தும். மசாலா ஏறிய கறிக்கு இரண்டு ரகமும் தாங்காது. அதற்கு அந்த நாட்டில் கருநிற பீர் தனியாக இருக்கிறது.

சிப்பியானாலும் சாக்லெட்டானாலும், ஒரு பால்காரருக்குப் பழைய பக்குவம் மறந்து போயிருந்தால் தொட்டுக்கொள்ள ஜோடியே இருந்திருக்காது!