குட்டையான குழாயும் காய்ந்த புல்லும்

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்று ஓர் இடம் இருக்கிறது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டுவைத்த இடம். பெரிய கற்களின் சராசரி எடை ஏறக்குறைய 25 டன். வெளிவட்டம் முழுமையாக இருந்தால் 30 கற்கள் இருக்க வேண்டும். இன்று நிற்பவை 17தான். ஒரு பக்கம் பெரிய இடைவெளி. அங்கே கற்கள் இருந்து காணாமல் போய்விட்டனவா, இல்லை, கட்டியவர்களே வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்களா? ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள். மண்ணுக்கடியில் துருவிப் பார்க்கும் கருவிகளாலும் பதில் கிடைக்கவில்லை.

2013 கோடையில் பதில் கிடைத்தது. சொன்னது யார் தெரியுமா? புல்!

அந்தக் கோடையில் மழை குறைவு. புல்வெளி வாடாமல் இருக்கப் பணியாளர்கள் ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சினார்கள். குழாய் வட்டத்தின் மறுகோடி வரை எட்டவில்லை. எட்டாத பக்கத்தில் புல் காய்ந்தது. ஆனால் ஒரே சீராகக் காயவில்லை. அங்கங்கே திட்டுத் திட்டாகப் பழுத்தது. பராமரிப்பு வேலையில் இருந்த ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். கற்கள் எங்கெங்கே நின்றிருக்க வேண்டுமோ, சரியாக அங்கேயே அந்தத் திட்டுகள்! அப்படியானால் வட்டம் ஒரு காலத்தில் முழுமையாகவே இருந்திருக்கலாம். 2014இல் இது ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. குழாய் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

கல் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் புல்லுக்கு எப்படித் தெரிந்தது? தோண்டி மூடிய மண்ணும் தோண்டாத மண்ணும் ஈரத்தை ஒரே அளவில் பிடித்து வைப்பதில்லை. மழைக்காலத்தில் இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் புல்லின் நிறத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே ஒரு புல்தரை கோடையில் பிழைக்குமா என்று பார்க்க வேண்டுமானால் மேலே உள்ள பச்சையைப் பார்த்துப் பயனில்லை. கீழே பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். வீட்டு வாசலிலும் பூங்காவிலும் கிரிக்கெட் மைதானத்திலும் அதிகம் வளர்ப்பது அருகம்புல்தான், அல்லது அதன் உறவுக்கார ரகங்கள். ஒரு கொத்து அருகை மண்ணோடு பெயர்த்தெடுத்துப் பாருங்கள். தரைமேல் ஒரு தண்டு ஊர்ந்து போகும். மண்ணுக்குள்ளே வெள்ளையாக, கூர்முனையோடு இன்னொரு தண்டு ஓடும். இரண்டிலும் விரலால் தடவினால் தட்டுப்படும் கணுக்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் கீழே வேரும் மேலே தளிரும் புறப்படும். இலைகளை மாடு மேய்ந்தாலும் நாம் வெட்டினாலும் வெயில் கருக்கினாலும் கணுக்கள் உயிரோடு இருந்தால் போதும், புல் திரும்ப வரும். இலை வளர்வதும் நுனியில் அல்ல, அடியில். அதனால்தான் நுனியை வெட்ட வெட்டப் புல் நீண்டுகொண்டே இருக்கிறது. ரோஜாச்செடியின் கிளையை வெட்டினால், வெட்டிய நுனி அப்படியே நீளாது. பக்கத்து மொட்டுதான் துளிர்க்கும்.

அருகிடம் இன்னொரு வித்தையும் உண்டு. இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவை வழியாகக் கார்பன் டை ஆக்ஸைடு உள்ளே வரும். தண்ணீர் ஆவியாக வெளியே போகும். கடும் வெயிலில் தண்ணீரைச் சேமிக்கச் செடி துளைகளைச் சாத்திக்கொள்ளும். உடனே உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து ஆக்ஸிஜன் கூடிவிடும். அப்போது ரூபிஸ்கோ என்ற நொதி ஏமாந்து ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். உழைப்பில் ஒரு பகுதி வீண். நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஸ்டோன்ஹெஞ்ச் புல் போன்ற குளிர்நாட்டுப் புற்களுக்கும் உண்டு. அருகு, கரும்பு, மக்காச்சோளம், கேழ்வரகு ஆகியவை வேறொரு நொதியை முன்வாசலில் நிறுத்தியிருக்கின்றன. அது ஆக்ஸிஜனிடம் ஏமாறாது. கார்பன் டை ஆக்ஸைடை மட்டும் பிடித்து உள்ளறையில் இருக்கும் ரூபிஸ்கோவிடம் சேர்த்துவிடும். துளையைக் கொஞ்சம் திறந்தாலே போதும் என்பதால் தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய பாதியாகிறது. 1960களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையை ஆராய்ந்து இந்த வழியை விளக்கினார்கள். கத்திரி வெயிலில் கரும்பும் அருகும் தெம்பாக நிற்பதன் காரணம் இதுதான்.

ஆனாலும் அருகுக்கும் தாகம் எடுக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? சாயங்காலம் புல்தரையில் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். தண்ணீர் குடித்த புல் உடனே நிமிர்ந்துவிடும். தாகத்தில் இருக்கும் புல்லில் உங்கள் காலடித் தடம் வெகுநேரம் அப்படியே கிடக்கும். நிறமும் பளிச்சென்ற பச்சையிலிருந்து சாம்பல் பூத்த நீலப்பச்சையாக மாறியிருக்கும். ஓர் இலையைக் கிட்டத்தில் பாருங்கள். பாயைச் சுருட்டியது போல் நீளவாக்கில் சுருண்டிருக்கும். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அன்று இரவோ மறுநாள் காலையோ தண்ணீர் கேட்கிறது என்று பொருள்.

இரவைவிட விடியற்காலையே நல்லது. இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். நடுப்பகலில் ஊற்றினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். 'மத்தியான வெயிலில் நீர்த்துளி லென்ஸ் மாதிரி இலையைப் பொசுக்கிவிடும்' என்று பலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். வழுவழுப்பான இலையில் துளி அப்பிக்கொண்டு கிடக்கும். ஒளி குவியும் இடம் இலைக்கு வெகு கீழே போய்விடும். இலை பொசுங்கவில்லை.

தினமும் கொஞ்சம் தெளிப்பது நம்மில் பலர் செய்யும் வேலை. பார்க்க அக்கறை மாதிரி இருக்கும். புல்லைக் கெடுப்பதே அதுதான். மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டு நாள் வெளியூர் போனால் புல் வாடிவிடும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு சாண் ஆழம் நனையும்படி விட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். நனைந்ததா என்று பார்க்க ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை மண்ணில் செருகுங்கள். ஈரம் இருக்கும் வரை சுலபமாக இறங்கும், காய்ந்த மண் தட்டுப்பட்டதும் நின்றுவிடும். களிமண்ணாக இருந்து தண்ணீர் தேங்கினால், பாதி விட்டு அரைமணி நேரம் கழித்து மீதியை விடலாம்.

வெட்டுவதிலும் பேராசை கூடாது. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. கோடையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக விட்டால் அதன் நிழலே மண்ணைக் காக்கும். பிளேடு மழுங்கியிருந்தால் நுனி அறுபடாமல் கிழியும். மறுநாள் புல்தரை முழுக்க வெளிறித் தெரியும். வெட்டி விழுந்த துணுக்குகள் அங்கேயே கிடக்கட்டும், மக்கி உரமாகும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். கோடையில் புல்லுக்கு வாரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் புல்தரைக்கு 2,500 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 166 குடத்துக்கும் மேல்!

2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு போயின. மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றார்கள். அப்படிப்பட்ட கோடையில் புல்லுக்கு 166 குடம் ஊற்றுவது அடாவடி என்பேன். காயட்டும், விட்டுவிடுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் இருந்தால் ஊற்றுங்கள். கணுக்கள் சாகாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை நல்ல நனைப்பு ஒன்று கிடைத்தால் அருகு தாக்குப்பிடித்துவிடும். இலை பழுப்பாகி அது தூங்கும் நாட்களில் உரம் போடாதீர்கள், அதன்மேல் விளையாடவும் வேண்டாம். 'எதற்கு வம்பு' என்று பிளாஸ்டிக் புல் விரிப்பவர்களும் உண்டு. தண்ணீரை ஆவியாக விட்டு உயிருள்ள புல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது முடியாது. மே மாத மத்தியானத்தில் அதன்மேல் செருப்பில்லாமல் நடக்கவே முடியாது.

தூங்கும் புல்லுக்கும் செத்த புல்லுக்கும் வித்தியாசம் பார்க்க ஆசையா? பழுத்துப்போன அருகின் ஊர்ந்து செல்லும் தண்டு ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. அதில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டு ஒன்றையும், இரு கணுக்களுக்கு நடுவே வெட்டிய கணு இல்லாத துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, சிரட்டைக்கு ஒன்றாகப் படுக்க வைத்து மெல்லிசாக மண் தூவுங்கள். மண் ஈரமாகவே இருக்கட்டும். ஒரு வாரம், பத்து நாளில் கணு உள்ள சிரட்டையில் ஊசி மாதிரி ஒரு முளை எட்டிப்பார்க்கும். மற்றதில் எவ்வளவு ஊற்றினாலும் எதுவும் வராது.