மூன்று சென்டிமீட்டர் கடை வாசல்

ஒரு கணினி விளையாட்டைச் செஞ்சு முடிக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதை வாங்கலாமா வேண்டாமா என்ற யோசனை ஒருத்தருக்கு வருவதே ஒரு குட்டிப் படத்தைப் பார்த்த பிறகுதான். ஸ்டீம் கடையில் அந்தப் படத்துக்குப் பெயர் 'கேப்ஸ்யூல்'. சின்ன கேப்ஸ்யூலின் அளவு முன்பு ரொம்ப வருஷமா 231×87 பிக்சலாக இருந்தது. சில பட்டியல்களில் அதுவும் சுருங்கி 120×45 ஆயிடும். சாதாரண மானிட்டரில் ஸ்கேல் வைத்து அளந்தால் அகலம் சுமார் மூன்று சென்டிமீட்டர், உயரம் ஒன்றே கால்.

இதையெல்லாம் பெற்றோர்களாகிய உங்களுக்கு ஏன் சொல்றேன்? உங்களில் பலர் வீட்டில் ஒரு பிள்ளை ஸ்க்ராட்ச்சிலோ ரோப்ளாக்ஸிலோ ஏதாவது ஒரு விளையாட்டு செஞ்சுகிட்டு இருக்கும். "கோடிங் கத்துக்கிறான், நல்லது" என்று நாம் விட்டுடறோம். செஞ்சதை ஊருக்குக் காட்டற வேலை தனிப் படிப்பு. அதை வீட்டிலேயே, காசு இல்லாமல் சொல்லிக் கொடுக்கலாம்.

நான் சிட்னியில் மென்பொருள் பொறியாளர். பகலில் சம்பளத்துக்கு வேலை. ராத்திரியில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் செய்யறோம். கதைக்களம் சோழர் காலத்துக் கடல் வணிகம். நாகப்பட்டினத்தில் சரக்கு ஏற்றி, பருவக்காற்றுக்குக் காத்திருந்து, கடாரம் வரை போய் வரணும். சேமிப்பில் ஓவியருக்கு என்று ஒதுக்கின பணம் ஒரே ஒரு நல்ல படத்துக்குத்தான் போதும். அதனால் எதை வரையச் சொல்வது என்பது எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

சிட்னிக்கும் ஸ்ட்ராட்டஜி கேமுக்கும் உறவு பழசு. ரோஜர் கீட்டிங், இயன் ட்ரௌட் இரண்டு பேரும் தொடங்கின ஸ்ட்ராட்டஜிக் ஸ்டடீஸ் குரூப் 1983-லேயே 'ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ்' வெளியிட்டது. அதே நிறுவனத்துக்காக ஸ்டீவ் ஃபாக்னர் வடிவமைத்த 'வார்லார்ட்ஸ்' 1990-இல் வந்தது. அந்தக் காலத்தில் விளையாட்டு அட்டைப்பெட்டியில் வரும். முன்பக்கம் பெரிய ஓவியம், பின்பக்கம் விளக்கமும் திரைப்படங்களும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். இன்றைக்குத் திருப்பிப் பார்க்கப் பின்பக்கமே இல்லை. அந்த இரண்டு பக்கத்தின் வேலையையும் மூன்று சென்டிமீட்டர் படம் செய்தாகணும்.

ஸ்ட்ராட்டஜி கேமுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஓடிக் குதிக்கிற விளையாட்டில் ஒரு நாயகன் இருப்பான், அவன் முகத்தைப் போட்டால் முடிந்தது. அடிலெய்டில் டீம் செர்ரி செய்த 'ஹாலோ நைட்' (2017) நினைவிருக்கா? இருட்டுக்கு நடுவில் கொம்பு வைத்த ஒரு வெள்ளை முகமூடி, எவ்வளவு சுருக்கினாலும் தெரியும். ஸ்ட்ராட்டஜி கேமில் நாயகன் என்பது வரைபடம்தான். ஐம்பது ஊர், நூறு கப்பல், கட்டம் கட்டமாக எண்கள். விளையாடும்போது அழகு. சுருக்கினால் சிந்தின ரவை மாதிரி ஆயிடும்.

இதற்கு மூன்று வழி கண்ணில் படுது. முதல் வழி, ஒரு பாத்திரத்தை முன்னால் நிறுத்துவது. மெல்பர்னின் லீக் ஆஃப் கீக்ஸ் செய்த 'ஆர்மெல்லோ' (2015) பலகை விளையாட்டு மாதிரி கட்டம் கட்டமாக நகர்கிறது. ஆனாலும் படத்தில் முன்னால் நிற்பது வேடம் தரித்த விலங்குகள். இரண்டாவது வழி, விளையாட்டின் வடிவத்தையே சின்னமாக்குவது. நியூசிலாந்துக்காரர்களின் 'மினி மெட்ரோ' ரயில் வரைபடத்தின் வண்ணக் கோடுகளையே முகமாக்கியது. மூன்றாவது, ஒரே படத்தில் இரண்டு முரணான விஷயங்களை வைப்பது. மெல்பர்னின் மாசிவ் மான்ஸ்டர் செய்த 'கல்ட் ஆஃப் தி லாம்ப்' (2022) படத்தில் அப்பாவி ஆட்டுக்குட்டி, அதன் தலையில் ஒற்றைக் கண் கொண்ட சிவப்புக் கிரீடம். "என்னது இது?" என்று கேட்க வைத்தால் பாதி வேலை முடிஞ்சது.

எங்கள் வீட்டில் அப்பா கட்சி ஒன்றே ஒன்று. "ராஜேந்திரன் இல்லாம என்னப்பா சோழர் விளையாட்டு? வாளோட நிக்க வை." ஓவியம் போடுகிற தங்கச்சி (சித்தப்பா பொண்ணு, சென்னையில் இருக்கா) ஒத்துக்கல. "பெரியப்பா, வாள் பிடிச்ச ராஜாவைப் பார்த்தா சண்டை கேம்னுதான் நினைப்பாங்க. இவங்க கேம்ல மிளகு விக்கிறாங்க." பேச்சு சிரிப்பாகப் போனாலும் அப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நம் வரலாறு உலகக் கடையில் தெரிகிற இடம் ரொம்பக் குறைவு. கிடைத்த மூன்று சென்டிமீட்டரில் மன்னனை வைக்காமல் வேறு யாரை வைப்பது?

நான் தங்கச்சி பக்கம் சாய்ந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, படம் ஒரு வாக்குறுதி. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தந்துடும். சண்டையை எதிர்பார்த்து வந்தவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அரை மணியில் திரும்பிப் போயிடுவார். இரண்டாவது, வணிகர்களும் நம் வரலாறுதான். சுமத்ராவில் பாருஸ் பக்கம் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை வைத்தது ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. கடல் தாண்டிப் பிழைக்கப் போன தமிழர் என்றால் நமக்கு அவர்கள்தானே கிட்டத்துச் சொந்தம்?

தங்கச்சி மூன்று பென்சில் படம் அனுப்பினாள்: வாளோடு மன்னன், பாய் விரித்த கப்பல், மேலிருந்து இறங்கும் ஒரு கை மரக்கப்பல் பொம்மையை வரைபடத்தில் வைப்பது. மூன்றையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, ஒன்றும் சொல்லாமல் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மன்னன் ஒரு பழுப்புப் பொட்டு ஆகியிருந்தார். கப்பல் தெளிவாக இருந்தது, ஆனால் அது எந்தக் கடல் படத்துக்கும் பொருந்தும். கையைப் பார்த்து அப்பா எழுதினது: "யாரோ கணக்குப் போட்டு காய் நகர்த்தற மாதிரி இருக்கு." எங்கள் விளையாட்டை ஒரே வரியில் சொல்லிட்டார். கைதான் என்று முடிவாச்சு.

அடுத்து எழுத்து. கேப்ஸ்யூலில் படமும் பெயரும் மட்டும்தான் போடலாம். விமர்சன நட்சத்திரம், விருது, தள்ளுபடி வாசகம் எதுவும் கூடாது என்று 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் விதி. தமிழ் எழுத்தில் பெயர் வைக்க எனக்கு ஆசை. ஆனால் நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். 45 பிக்சல் உயரத்தில் 'ண', 'ஞ' எல்லாம் உள்ளே அடைச்சுப் போயிடும். ஸ்டீம் கடையின் மெனுவும் தமிழில் கிடையாது. அதனால் சின்னப் படத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல், நூலகத்துக்கான 600×900 பெரிய படத்தில் தமிழ் எழுத்தும் சேர்த்து என்று பிரித்துக்கொண்டோம். பெயரை மொழிபெயர்க்கவில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 'வெண்பா' (2023) என்ற பெயரை அப்படியே வைத்துத்தான் 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது. தெரியாத சொல் என்பதால் யாரும் ஓடிப்போயிடல.

உங்க பிள்ளையோடு ஒரு சனிக்கிழமை செஞ்சு பார்க்க நாலு சோதனை:

முதலில் சுருக்கிப் பாருங்க. 120×45-இல் என்ன தெரிகிறதோ அதுதான் உண்மையான படம்.

அடுத்து நிறத்தை எடுத்துட்டு கறுப்பு வெள்ளையில் பாருங்க. பெயர் பின்னணியில் கரைந்தால் வெளிச்ச வேறுபாடு போதலை.

மூன்றாவது, அதே வகை விளையாட்டு இருபதின் படங்களுக்கு நடுவில் ஒட்டிப் பாருங்க. எல்லாம் நீலமும் ஆரஞ்சுமாக இருந்தால் நீங்க வேறு நிறத்துக்குப் போகலாம்.

கடைசியாக, விளையாட்டே தெரியாத பாட்டியிடம் அஞ்சு நொடி காட்டி எடுத்துடுங்க. "அழகா இருக்கா?"ன்னு கேட்கக் கூடாது, பாட்டி எப்பவும் அழகுன்னுதான் சொல்வாங்க. "இதில் என்ன நடக்குது?"ன்னு கேட்கணும்.

பிள்ளைக்கு இதில் ருசி பிடிச்சா, மெல்பர்ன் ஃபெடரேஷன் ஸ்கொயரில் இருக்கிற ஆக்மி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை கூட்டிட்டுப் போங்க. 2013 முதல் மெல்பர்னில் நடக்கிற பாக்ஸ் ஆஸ் விழாவில் சின்னக் குழுக்கள் சொந்த விளையாட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், நேரிலேயே பேசலாம். கோடு எழுதறது ஒரு திறமை. தான் செஞ்சது என்ன என்பதை முன்பின் தெரியாத ஒருத்தருக்கு ஒரு நொடியில் நேர்மையாகச் சொல்வது இன்னொன்று. வேலைக்கான நேர்முகத்திலும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது திறமை கை கொடுக்கும்.