ஏழு சமநிலைகள்

ஒரு லீக்கில் இரண்டு கழகங்கள். இரண்டும் 18 ஆட்டங்கள் ஆடி முடித்துவிட்டன. ஒன்று ஐந்து ஆட்டங்களில் வென்றது. மற்றது நான்கில்தான் வென்றது. பருவகாலம் முடிந்தபோது ஐந்து வென்ற கழகம் தரமிறங்கியது. நான்கு வென்ற கழகம் தப்பி மேலேயே நின்றது.

இதைச் சொன்னதும் தம்பி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் குருநகர்ப் பக்கம் பந்தடித்து வளர்ந்த பிள்ளை. உதைபந்தாட்டத்தில் அவருக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் இது அவருக்குப் பொறுக்கவில்லை. "இதென்னண்ணை ஞாயம்? கூட வெண்டவன் கீழ போறதோ? எங்க நடந்தது?"

நடந்தது இந்தியாவின் ஐ-லீக்கில், 2018 மார்ச்சில். கீழே போனது கோவாவின் சேர்ச்சில் பிரதர்ஸ். தப்பியது தமிழ்நாட்டின் சென்னை சிட்டி. லெஸ்டர் சிட்டியின் கதை எங்கள் பொடியளுக்கு மனப்பாடம். 2014–15 இல் 29 ஆட்டங்களில் 19 புள்ளியோடு அடியில் கிடந்த அணி, கடைசி ஒன்பதில் ஏழை வென்று தப்பியது, அடுத்த பருவகாலத்திலேயே இங்கிலாந்தின் சம்பியனானது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசும் ஊரில், ஏறக்குறைய அதே கதை நடந்திருக்கிறது. அதை இங்கே சொல்லிக் கேட்டது குறைவு. ஆகவே ஆறுதலாக, அடியிலிருந்து சொல்கிறேன்.

2017–18 ஐ-லீக்கில் 10 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பதையும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, அவர்களின் மைதானத்தில் ஒருமுறை சந்திக்கும். அப்படித்தான் 18 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. முதலிடம் சம்பியன். அடியில் முடிப்பவர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். இறங்குகிற கழகம் இழப்பது மானத்தை மட்டுமல்ல. தொலைக்காட்சி போய்விடும், அனுசரணையாளர் போய்விடுவார், நல்ல ஆட்டக்காரர் அந்தக் கோடையிலேயே வேறு கழகம் தேடுவார். திரும்பி ஏறச் சில கழகங்களுக்குப் பத்து வருடம் எடுத்திருக்கிறது. சில ஏறவேயில்லை.

அந்த வருடம் இன்னொரு சிக்கலும் இருந்தது. பட்டியலின் கடைசியில், 15 புள்ளியோடு, இந்தியன் அரோஸ் என்ற அணி. அது இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனமே இளையவர்களை வளர்ப்பதற்காக வைத்திருந்த அணி. 2017 இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் ஆடிய பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களைத் தரமிறக்குவதில்லை என்பது விதி. ஆகவே ஆபத்து பத்தாம் இடத்தில் இல்லை, ஒன்பதாம் இடத்தில் இருந்தது. அரோஸுக்கு மேலே, மற்ற எல்லாருக்கும் கீழே யார் முடிக்கிறாரோ அவர்தான் போகவேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சேர்ச்சில்: 5 வெற்றி, 2 சமநிலை, 11 தோல்வி. 15 உம் 2 உம் 17 புள்ளி. சென்னை சிட்டி: 4 வெற்றி, 7 சமநிலை, 7 தோல்வி. 12 உம் 7 உம் 19 புள்ளி. எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில் இரண்டே இரண்டு புள்ளி.

"அப்ப சமநிலைதான் காப்பாத்தினதோ?" என்றார் தம்பி. அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. அந்த ஏமாற்றம் எனக்கு விளங்குகிறது. அது எங்கே இருந்து வருகிறது என்றும் தெரியும்.

எங்கள் ஊரில் சனம் திரண்டு பார்க்கிற உதைபந்தாட்டம் பெரும்பாலும் விலகல் முறை. அமரர் ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம், மின்னொளியில் போட்டி, ஒரு தோல்வியோடு அணி வீட்டுக்குப் போய்விடும். நாவாந்துறை சென். மேரிஸும் குருநகர் பாடும்மீனும் மோதுகிற இரவில் சுவரிலும் மரத்திலும் ஆள் இருக்கும். அந்த ஆட்டம் 1–1 என்று முடிந்தால் அது முடிவே அல்ல. சமநிலை தவிர்ப்பு உதை வரும், ஒருவர் வெல்வார், மற்றவர் போவார். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சமநிலை என்பது அரைகுறை விடயம்தான். அதை ஓர் ஆதாயமாகப் பார்க்க யாரும் பழக்கவில்லை.

லீக்கில் நிலைமை வேறு. எதிரணி மைதானத்தில் 80 நிமிடம் ஆகிவிட்டது, கோல் எதுவும் இல்லை என்று வையுங்கள். விலகல் முறையில் ஆடிப் பழகிய அணி, அடித்து முடித்துவிடலாம் என்று ஆளை முன்னுக்கு அனுப்பும். பின்னால் இடம் திறக்கும், 88 ஆவது நிமிடத்தில் ஒரு நீளப் பந்து, கதை முடிந்துவிடும். லீக்கில் ஊறிய பயிற்றுநர் கையிலிருக்கும் ஒரு புள்ளியைப் பார்ப்பார். முன்கள வீரர் ஒருவரை எடுத்துவிட்டு நடுக்களத்தில் ஒருவரைப் போடுவார். மூலை உதைக்கு ஒருவர் குறையாமல் எல்லாரும் திரும்புவார்கள். பார்க்கிறவருக்கு அது கோழைத்தனமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. களைத்த காலோடு அந்தப் பத்து நிமிடத்தை ஒழுங்காக ஆடி முடிப்பது உதைபந்தாட்டத்தின் கடினமான வேலைகளில் ஒன்று. சென்னையின் அந்த ஏழு சமநிலைகளில் மூன்று தோல்வியாகியிருந்தால் 16 புள்ளி. அத்தோடு சேர்ச்சிலுக்குக் கீழே போயிருப்பார்கள்.

ஒரு வெற்றிக்கு 3 புள்ளி என்ற ஏற்பாடே சமநிலைக்காக ஆடுவதைக் குறைக்க வந்ததுதான். இங்கிலாந்தில் 1981 இல் தொடங்கி, 1994 உலகக் கிண்ணத்துக்கும் வந்தது. அதற்கு முன் வெற்றிக்கு 2 புள்ளி. பழைய கணக்கில் சென்னைக்கு 15, சேர்ச்சிலுக்கு 12. புதிய கணக்கு வெற்றிக்கு இவ்வளவு மதிப்புக் கூட்டிய பிறகும் அந்த ஏழு சமநிலைகள் போதுமாக இருந்தன.

இதற்காகச் சென்னை நல்ல அணியாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடம் 7–1 என்று அடிவாங்கினார்கள். டுடு ஒமக்பேமி தனியாளாக நான்கு கோல் போட்டார். பருவகாலம் முழுக்கச் சென்னை வாங்கிய 24 கோலில் ஏழு அந்த ஒரே மாலையில் வந்தவை. இங்கேயும் லீக்கின் ஒரு குணத்தைக் கவனியுங்கள். புள்ளிக் கணக்கில் 7–1 தோல்வியும் 1–0 தோல்வியும் ஒன்றுதான். மற்ற 17 ஆட்டங்களில் வாங்கியது 17 கோல், போட்டது 14. மோசமான அணியின் கணக்கு அல்ல அது. பெரும்பாலான ஆட்டங்களில் கடைசிவரை உயிரோடு இருந்த அணியின் கணக்கு.

அதே கொல்கத்தாவில் அந்த ஜனவரித் தொடக்கத்தில் மோகன் பகானை அவர்களின் சொந்த மைதானத்தில் 2–1 என்று வென்றதும் இதே அணிதான். 2015 இல் மோகன் பகானுக்கு லீக்கை வென்று கொடுத்த பயிற்றுநர் சஞ்சோய் சென், அந்தத் தோல்வியோடு பதவி விலகினார். அந்த அணியில் என் மனதுக்கு நெருக்கமானவர் மைக்கல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் கிராமத்தில் பிறந்து, கடற்கரை மணலில் பந்தடித்து வந்தவர். பாசையூரிலும் நாவாந்துறையிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இவரைத் தெரிந்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எட்டாம் இடத்தில் முடித்த அணியில் ஆடியவரை அடுத்த பருவகாலத்துக்கு இந்தியாவின் மற்றப் பெரிய லீக்கான இந்தியன் சுப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) கழகமான ஜாம்ஷெட்பூர் அழைத்துக்கொண்டது.

கடைசி நாள் மார்ச் 8. ஹரியானாவின் பஞ்ச்குலாவில் மினேர்வா பஞ்சாப்பும் சேர்ச்சிலும். மினேர்வா வென்றால் சம்பியன். சேர்ச்சில் வென்றால் 20 புள்ளி, சென்னை 19 இல் நிற்கும், இறங்குவது சென்னை. சமநிலை என்றால் சேர்ச்சிலுக்கு 18, அது போதாது. ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் கிண்ணத்துக்காக ஆடியது, மறுபக்கம் உயிருக்காக ஆடியது. முதற் பாதியில் கானா நாட்டவரான வில்லியம் ஒபோக்கு அடித்த கோலுக்குப் பதில் வரவில்லை. 1–0. அந்த ஒரு கோல் மினேர்வாவுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தது, சேர்ச்சிலைக் கீழே அனுப்பியது, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டியைக் காப்பாற்றியது.

சேர்ச்சிலைப் பிறகு சம்மேளனம் மேல் பிரிவிலேயே சேர்த்துக்கொண்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. விதி என்று ஒன்றை வைத்தால் அதன்படி நடக்கவேண்டும். இதற்கு எதிராக ஐசோலைக் காட்டுவார்கள், நியாயம்தான். மிசோரம் கழகமான ஐசோல் 2016 இல் தரமிறங்கியது. கோவாக் கழகங்கள் லீக்கை விட்டு விலகியதால் இடம் காலியாகி, திரும்ப அழைக்கப்பட்டது. அடுத்த வருடமே 37 புள்ளியோடு சம்பியன். மோகன் பகானுக்கு 36. கிண்ணத்தை உறுதிசெய்த கடைசி ஆட்டம் ஷில்லாங்கில் 1–1 என்ற சமநிலை.

"இனிச் சென்னை சம்பியனான கதையைச் சொல்லுங்கோ" என்றார் தம்பி. லெஸ்டரை அவர் மறக்கவில்லை.

தப்பிய கையோடு கழகம் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸைப் பயிற்றுநராகக் கொண்டுவந்தது. ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டோர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரொட்ரிகஸ் வந்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், சூசைராஜின் சகோதரர் ரெஜின் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பந்தைத் தரையில் வைத்து ஆடினார்கள். முந்தைய வருடம் 15 கோல் போட்ட கழகம் இந்த வருடம் 48 போட்டது. மான்சி மட்டும் 21. கடைசி நாளான 2019 மார்ச் 9 இல் கோயம்புத்தூரில், பழைய சம்பியன் மினேர்வாவிடம் முதலில் ஒரு கோலை வாங்கிவிட்டு, 3–1 என்று வென்றார்கள். பின்வரிசை வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். சென்னைக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. இரண்டு அணிகளும் வென்றது 13 ஆட்டங்கள்தான். சென்னைக்கு நான்கு சமநிலை, ஈஸ்ட் பெங்காலுக்கு மூன்று. ஒரு வருடம் தரமிறக்கத்திலிருந்து காப்பாற்றியதும், மறுவருடம் கிண்ணத்தைக் கொடுத்ததும் ஒரே சாமான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப எங்கயண்ணை அந்த ரீம்?" என்று கேட்டார். 2020–21 க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. மைதானத்தில் தப்பிய கழகம் மைதானத்துக்கு வெளியே தொலைந்தது. எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது. சென்னை சிட்டி தப்பிய அதே மார்ச்சில், 17 ஆம் திகதி, சென்னையின் மற்றக் கழகமான சென்னையின் எப்.சி., பெங்களூருவை 3–2 என்று வென்று ஐ.எஸ்.எல். சம்பியனானது. அந்த லீக்கில் அப்போது தரமிறக்கம் கிடையாது. அடியில் முடித்தாலும் அடுத்த வருடம் அதே இடம், அதே பணம். அங்கே பருவகாலக் கடைசியில் கீழ்ப்பாதி அணிகள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தவருக்கு, தோற்றால் இழக்க ஒன்றுமில்லாதபோது கால் எவ்வளவு மெதுவாகிறது என்பது தெரியும்.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்து ஏன் பேசவேண்டும்? 2021 இல் இலங்கையில் சுப்பர் லீக் தொடங்கியபோது 10 கழகங்கள் ஆடின. வடக்கிலிருந்து ஒன்றும் இல்லை. எங்களிடம் ஆட்டக்காரர் இல்லாமலா? இளவாலை யங்கென்றிஸையும் மயிலங்காடு ஞானமுருகனையும் ஊரெழு றோயலையும் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கிண்ணப் போட்டிகள் வேண்டும், அந்த இரவுகளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அவற்றோடு, மாதக்கணக்கில் நீளுகிற, சொந்த மைதானமும் எதிரணி மைதானமும் உள்ள, ஏறவும் இறங்கவும் வழியுள்ள ஒரு வடக்கு லீக் வேண்டும். கழகங்களும் மாவட்ட லீக்குகளும் கூடி இருந்து பேசினால் இரண்டு பிரிவாகத் தொடங்கலாம், கீழ்ப் பிரிவில் முதலிரண்டு ஏற, மேல் பிரிவில் கடைசி இரண்டு இறங்க. அந்த லீக்கில், மார்கழி மழையில், பாசையூர் சென். அன்ரனிஸ் ஊரெழுவுக்குப் போய் 0–0 என்று ஒரு புள்ளியோடு திரும்புகிற ஆட்டத்தை நான் ரிக்கற் எடுத்துப் பார்ப்பேன்.