பத்துமலைக்கு அருகே ஒரு தலைநகரம்

தைப்பூசம் என்றால் பாலசமுத்திரத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே பழனி. அதே நாளில் மலேசியத் தலைநகர் கோலாலம்பூரிலும் காவடிகள் புறப்படுகின்றன.

கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடும் சேற்று மண்ணில், 1857 வாக்கில் வெள்ளீயம் எடுக்க வந்த சீனத் தொழிலாளர்களால் உருவான ஊர் அது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்தன. மரமும் ஓலையுமாக நின்ற வீடுகள் போயின. இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று ஆங்கில நிர்வாகம் உத்தரவிட்டது. சூளைகள் எரிந்த பகுதிதான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். பின்னாளில் அங்கே ரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன தமிழர்கள் தண்டவாளம் போட்டார்கள், ரயில்வே அலுவலகங்களில் கணக்கு எழுதினார்கள். அந்த உழைப்பை நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை. 2010-இல் அந்தப் பகுதி அதிகாரபூர்வமாக 'லிட்டில் இந்தியா' ஆனது.

நகரின் மகா மாரியம்மன் கோயிலை 1873-இல் நிறுவியவர் தம்புசாமி பிள்ளை. பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. மாரியம்மன் கோயிலில் கிளம்பும் வெள்ளி ரதம், நகர வீதிகள் வழியே பத்துமலை போய்ச் சேரும். காவடி எடுத்தவர்கள் 272 படிகள் ஏறிக் குகைக்குள் போகிறார்கள். அடிவாரத்தில் நிற்கும் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, 2006-இல் திறக்கப்பட்டது.