கடைசிப் பந்திக்கும் அதே மொய்!

நுழைவுக் கட்டணத்தைப் பார்த்ததும் ஓட்டக்காரர்கள் முதலில் போடுவது வகுத்தல் கணக்கு. கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்? பத்து கிலோமீட்டருக்கு 800 ரூபாய் கேட்டால் கிலோமீட்டர் 80 ரூபாய். ஹாஃப் மாரத்தான் 1,200 என்றால் 57 ரூபாய். ஃபுல் மாரத்தான் 1,500 என்றால் 36-ஐத் தாண்டாது. ஆக, அதிக நேரம் வதைபடுகிறவருக்குத்தான் விலை மலிவு. ‘டென் கே காசோட இன்னும் கொஞ்சம் போட்டா ஃபுல்லே ஓடிடலாம்’ என்று ஓட்டக் குழுக்களில் கிண்டல் நடக்கும். அந்தக் கிண்டலை நம்பிப் பதிவு செய்து, முப்பதாவது கிலோமீட்டரில் ஞானம் பெற்றவர்களும் உண்டு.

பெருநகரப் போட்டிகளில் ஹாஃப் மாரத்தானுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது இன்று சாதாரணம். அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி, பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம் வேறு. ஏர்லி பேர்டில் பிடித்தால் கொஞ்சம் மிச்சம். காய்ச்சலில் படுத்துவிட்டால் பெரும்பாலும் பணம் திரும்பாது. மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப்பை நண்பரிடம் தள்ளிவிடவும் விடமாட்டார்கள். இத்தனைக்கும் ஷூ நம்முடையது, கால் நம்முடையது, சாலைக்கும் ஏற்கெனவே வரி கட்டியாகிவிட்டது. பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் எவ்வளவு தூரம் ஓடினாலும் யாரும் ரசீது கிழிப்பதில்லை. பிறகு எதற்குக் காசு கொடுத்து ஓட வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு வீட்டார் ஏற்கும்படி பதில் சொன்ன ஓட்டக்காரர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

1970-ல் நியூயார்க் மாரத்தான் முதன்முறையாக நடந்தபோது நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். 127 பேர் கிளம்பி 55 பேர் முடித்தார்கள். மொத்தச் செலவே ஆயிரம் டாலர்தான். ஜெயித்தவர்களுக்கு விலை குறைந்த கைக்கடிகாரங்களும், பழைய பௌலிங் கோப்பைகளைத் துடைத்து எடுத்த பரிசுகளும். இன்று அதே போட்டிக்கு 200 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். அதற்கும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். நகரத்தின் ஐந்து பகுதிகளையும் தொட்டு, பெரிய பாலங்களை மூடி, ஐம்பதாயிரம் பேரை ஓடவிட ஒரு டாலர் போதாது என்பது யாருக்கும் புரியும். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கறார்ப் பேர்வழிகளான ஓட்டக்காரர்களே முனகாமல் ஒப்புக்கொள்ளும் செலவுகள் சில உண்டு. பாதையை அளப்பது அதில் ஒன்று. சான்று பெறும் பாதையைக் காரிலோ கைக்கடிகார ஜிபிஎஸ்ஸிலோ அளப்பதில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சின்னக் கருவியைப் பூட்டுவார்கள். எஃகு நாடாவால் அளந்த நேர்கோட்டில் ஓட்டி அதைச் சரிபார்ப்பார்கள். பிறகு, வளைவுகளில் எது மிகக் குறுகிய வழியோ அதிலேயே முழுப் பாதையையும் ஓட்டி அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பதும் விதி. ஃபுல் மாரத்தானில் அது 42 மீட்டர். முடிவுக்கோட்டில் கடிகாரத்தை நீட்டி ‘21.4 காட்டுது சார், அளவு தப்பு’ என்று சண்டை போடும் ஒருவர் எல்லாப் போட்டியிலும் இருப்பார். தண்ணீர் மேஜைக்கும் போட்டோகிராபருக்குமாகச் சாலையில் குறுக்கும் நெடுக்கும் ஓடியது அவர்தான்.

ஆம்புலன்ஸ், மருத்துவர்கள், பிப்புக்குள் ஒட்டியிருக்கும் டைமிங் சிப், போலீஸ் பந்தோபஸ்து ஆகியவற்றிலும் சண்டையில்லை. டீ ஷர்ட்டில்தான் அபிப்பிராய பேதம். அலமாரியில் இடமில்லை, அதை விட்டுவிட்டுக் கட்டணத்தைக் குறையுங்கள் என்பார்கள் பழையவர்கள். முதல் பதக்கத்துக்காகவும் முதல் டீ ஷர்ட்டுக்காகவுமே வருகிறவர்கள் புதியவர்கள். இருவரும் சரிதான், மேலே போகலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. கட்டணம் எல்லாருக்கும் ஒன்று, கைக்குக் கிடைப்பது மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவரும் வைக்கிற மொய் ஒன்றுதான். பாயசம் தீர்ந்துபோவது என்னவோ கடைசிப் பந்தியில்.

சென்னையில் ஃபுல் மாரத்தானை ஜனவரி மாதத்திலேயே விடியற்காலை நான்கு மணிவாக்கில் கிளப்பிவிடுவார்கள். மூன்றேகால் மணி நேரத்தில் முடிப்பவர் ஏழேகாலுக்கு முடிவுக்கோட்டில் இருப்பார். பொங்கல் சூடாக இருக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு, எட்டரைக்கெல்லாம் வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார். அவர் ஓடியதில் பெரும்பகுதி இருட்டில். ஆறு மணி நேரம் எடுப்பவர் முடிக்கும்போது பத்து மணி. அவருடைய கடைசி 14 கிலோமீட்டரும் எட்டு மணிக்கு மேல் அடிக்கிற வெயிலில். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிரக் காயாது. காயாத வியர்வை உடம்புச் சூட்டை இறக்காது. தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற ஆள் அவர்தான். அவருக்குத்தான் தண்ணீர் இல்லை.

அவர் வந்து சேரும் தண்ணீர் மேஜையில் கவிழ்த்து வைத்த காலி கேன்களும் நசுங்கிய காகிதக் கோப்பைகளும் கிடக்கும். ஐந்து மணியிலிருந்து நின்ற கல்லூரிப் பிள்ளைகள் வேன் ஏறிப் போயிருப்பார்கள். கூம்புகளை எடுத்துவிட்டதால் ஒரு பக்கம் மாநகரப் பேருந்து உரசிக்கொண்டு போகும். ‘ஓரமாப் போங்க சார்’ என்று, காலையில் கைதட்டிய அதே விசில்காரர் சொல்வார். பழகிய மெது ஓட்டக்காரர்கள் இடுப்புப் பையில் ஒரு நூறு ரூபாய் நோட்டை மடித்து வைத்திருப்பது இதற்காகத்தான். ஆயிரத்துச் சொச்சம் கட்டிய போட்டியின் நடுவில் பெட்டிக்கடையில் நின்று தண்ணீர் பாட்டிலுக்குச் சில்லறை வாங்குகிற காட்சி, கடைசி வரிசைக்காரனான எனக்குப் புதிதல்ல. முடிவுக்கோட்டில் வாழைப்பழம் தீர்ந்திருந்தால் பரவாயில்லை. பதக்கம்கூட ‘கூரியரில் வரும்’ என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் அப்படியல்ல.

2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தான் அன்று வழக்கத்துக்கு மாறான வெயில். 31 டிகிரி செல்சியஸைத் தொட்டது. முப்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கிளம்பிய போட்டியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் வந்தவர்கள் பல மேஜைகளில் தண்ணீர் கிடைக்கவில்லை என்றார்கள். முன்னால் போனவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று கோப்பைகள் எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டதால் கணக்கு தவறிவிட்டது என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தில் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். வெயில் நாளில் முன்வரிசை இரண்டு மடங்கு எடுக்கும் என்பதை வருகிற எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள பாடம். சென்னைக்கோ எல்லா நாளும் வெயில் நாள்.

வெறும் தண்ணீரும் போதாது. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும், ஓடும்போது நிறைய குடித்து எடை கூடியவர்களுக்கும்தான் அந்த ஆபத்து அதிகம். கடைசி மேஜைகளில் உப்பும் உப்புக் கரைசலும் இருக்க வேண்டும், அதை எவ்வளவு குடிப்பது என்று சொல்ல விவரம் தெரிந்த ஓர் ஆளும் இருக்க வேண்டும். வழக்கத்தில் முதலில் தீர்வது உப்புக் கரைசல்தான்.

இதற்கெல்லாம் எவ்வளவு ஆகும்? இருபது லிட்டர் கேன் ஒன்றில், 150 மில்லி வீதம் ஊற்றினால் 130 கோப்பை வரும். ஆயிரம் கோப்பைக்கு எட்டு கேன் தாராளம். கேன் 40 ரூபாய் என்றால் 320. காகிதக் கோப்பைகளையும் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைச் சுற்றி நிற்கும். ஒரே ஒருவருடைய ஹாஃப் மாரத்தான் கட்டணம், ஆயிரம் கோப்பைத் தண்ணீர்! ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னுக்கு நம்முடைய ஓட்டக் குழுக்கள் ஸ்கூட்டரில் கேனைக் கட்டிக்கொண்டு, வெட்டிய தர்பூசணி, எலுமிச்சை, உப்பு, கடலை மிட்டாயோடு கடைசி ஆள் வரும்வரை நிற்கின்றன. செலவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே யாரும் வறண்டு போய் நின்றதில்லை.

மெதுவாக ஓடுவது உங்கள் பாடு, கூடுதல் நேரத்துக்குக் கூடுதலாகக் கட்டுங்கள் என்று வேகக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. சரி, கேளுங்கள், கட்டுகிறோம். ஆனால், முதல் மூன்று பேருக்குக் கொடுக்கும் பரிசுப் பணத்தில் நடுவிலும் பின்னாலும் வருகிற பெருங்கூட்டம் கட்டிய காசும் இருக்கிறது என்பதை அப்போது மறந்துவிடக் கூடாது. நடத்துகிறவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஸ்பான்சர் கடைசி நேரத்தில் கைவிடுவார், அனுமதி தந்த நேரத்துக்கு மேல் சாலையை அடைத்து வைக்க முடியாது.  

அனுமதி பத்து மணி வரைதான் என்றால், அதைப் பதிவுப் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் முடிகிற நொடியில் துப்பாக்கி வெடிக்கும். கோட்டுக்கு ஓரடி முன்னால் நிற்பவருக்கும் பதக்கம் கிடையாது. பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் இடையில் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். அதை ஏற்றுக்கொண்டுதான் ஓடுகிறார்கள். இங்கே விளம்பரத்தில் ‘கட் ஆஃப் ஏழு மணி நேரம்’ என்று பெரிதாகப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு, ஐந்தரை மணி நேரத்தில் மேஜையைச் சுருட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதில் காசே வாங்காதவர்கள் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள் என்பது வேடிக்கை. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன், சனிக்கிழமைதோறும் ஐந்து கிலோமீட்டர் ஓடும் இலவச ஓட்டமாகப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதில் கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு. அவர்தான் எப்போதும் கடைசி. ஓட வந்தவர்களில் யாரும் கடைசியாக வருவதில்லை. கட்டணப் போட்டிகளிலும் தண்ணீர், உப்பு, விசிலோடு இப்படி ஓர் ஆளை சைக்கிளில் அனுப்பலாம். அதற்கு ஸ்பான்சரும் தேவையில்லை, புதிய அனுமதியும் தேவையில்லை.

அதுவரை, பதிவு செய்வதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். போன வருட முடிவுப் பட்டியல் பெரும்பாலும் டைமிங் தளத்தில் இருக்கும். அதைக் கீழிருந்து படியுங்கள். கட் ஆஃப் ஏழு மணி நேரம் என்று விளம்பரம் செய்த போட்டியில் கடைசிப் பெயர் 6:55-ல் இருந்தால், அந்த நேரத்திலும் அங்கே சிப்பைப் படிக்கும் டைமிங் பாயும் கடிகாரமும் ஆட்களும் இருந்திருக்கிறார்கள் என்று நம்பலாம். பட்டியல் 5:40-லேயே நின்றுவிட்டது, கீழே டிஎன்எஃப் (ஓட்டத்தை முடிக்கவில்லை) என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன என்றால், அவர்களில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் போன் போட்டு, எத்தனையாவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்தது என்று கேளுங்கள். கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கை அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.