ரோபோ பிளாஸ்டிக் மாதிரிகள்: அசலா, போலியா? அறிவது எப்படி?

ஹைதராபாத்: ஜப்பானின் 'கன்டம்' தொடரில் வரும் ரோபோக்களைப் பாகம் பாகமாகப் பொருத்தும் பொழுதுபோக்குக்கு இந்தியாவிலும் ஆர்வலர்கள் உள்ளனர். போலாரம் போன்ற புறநகர்களில் இருந்து இணையத்தில் வாங்குவோருக்கு, பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லை.

1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் வெளியிட்ட முதல் மாதிரிக்குப் பசை தேவைப்பட்டது. இன்றைய அசல் மாதிரிகளின் பாகங்கள் அழுத்தினாலே பொருந்திவிடும். நிறமும் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும். தரமற்ற போலிகளில் மூட்டுகள் தளர்ந்திருக்கும். ரோபோவின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவுடன் தோள் சரிந்துவிடும். எனவே, பாகங்கள் இணைந்திருக்கும் சட்டத்தின் படத்தை விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. அசலில் நிறுவனப் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

பெரிய மாதிரியே சிறந்தது என்பதில்லை. 1/144 அளவிலான 'எச்ஜி' வகையே புதியவர்களுக்கு ஏற்றது.

பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. மலிவான போலிகள் ஈர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால், இது 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கே பொருந்தும். ஆகவே, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கானது எனக் குறிப்பிடப்பட்ட பெட்டியில் முத்திரை இல்லை என்பதாலேயே அதைப் போலி எனக் கொள்ள முடியாது.